தெரு மிஷின்

அப்பாவுக்கு இனி வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அப்பாவின் முகத்தில் வந்தது ஏறக்குறைய சந்தோஷம்.

வாடகைக்கெல்லாம் எடுக்கத் தேவையில்லை, எங்கள் தெருவுக்கென்றே ஒரு மிஷின் இருக்கிறது என்று டாக்டரிடம் மலையாளத்தில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா? அன்னிக்கு வாங்கி வெச்சதுக்கு இன்னிக்கு அர்த்தம் வந்துது" என்றார்.

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு எந்த மிஷினாக இருந்தாலும் ஒன்றுதான்.

அந்த மிஷின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கரமனையில், மலையாள ஊருக்கு நடுவே, எங்கள் தமிழ் அக்கிரகாரத் தெரு ஆற்றை ஒட்டி இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். 2021இல், கொரோனாவின் இரண்டாவது அலையில், தெருவே இருமியது. அம்மா மே மாதம் போனாள். படுக்கை கிடைப்பதற்குள், ஆம்புலன்ஸிலேயே. காரியம் முடிவதற்கு முன்பே அப்பா போனை எடுத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர்தான் தெரு சமூகத்தின் செக்ரட்டரி. பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டார். யாரையும் கெஞ்சவில்லை. "உங்கம்மா இருக்காளோல்யோ, அவ மூச்சு விடணுமா வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். ஜூன் மாதம் மிஷின் வந்துவிட்டது. சூட்கேஸ் அளவு, அடியில் சக்கரம். கரண்டில் செருகினால் வெளிக்காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாயில் விடும்.

அது வீடு வீடாகப் போனது. தெருப் பையன் சாய் அதைத் தன் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிற்க வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு ஓட்டுவான். அதற்குப் பிறகு அந்த அலையில் எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. பகவதீஸ்வரன் மாமா நான்கு நாள் அதில்தான் கிடந்து பிழைத்தார். கதவுக்கு வெளியே ரசம் வைத்துவிட்டுப் போகிறவர்கள், மருந்து வாங்கித் தருகிறவர்கள், ஜன்னல் வழியாகவே பேச்சுத் துணைக்கு இருந்தவர்கள் என்று தெரு அந்த மாதங்களில் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

பிரச்சினை பிழைத்த பிறகு வந்தது. ஒரு வீட்டில் குணமாகியும் மிஷினைத் தரவில்லை. "இருக்கட்டுமே, திரும்ப வந்தா?" என்றார்கள். இன்னொரு வீட்டில் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சண்டை. அதனால் அப்பா ஒரு விதி கொண்டுவந்தார். சாதாரண வியாதிக்கு மிஷினைக் கொடுப்பதில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்போது அது தயாராக இருக்க வேண்டும், அதுவரை சமூக மண்டபத்தின் உள்ளறையில் பூட்டி வைக்க வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். அந்த நேரத்தில் எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

பட்டு வேஷ்டி போட்டு மூடினார்கள். ஒவ்வொரு வருஷமும் நவராத்திரியில் பூஜை வைப்புக்கு வெளியே எடுத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, புஸ்தகங்களோடும் சாயின் ஸ்கூட்டரோடும் நிறுத்தி கற்பூரம் காட்டினார்கள். ஒரு தடவைகூடக் கரண்டில் செருகவில்லை. ஓட்டினால் கெட்டுவிடும் என்று ஓட்டவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வாலாம்பாள் மாமி வந்து கேட்டாள். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவள். அவள் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்றபடியே, "இப்ப பாண்டெமிக் இல்லையே மாமி. விதின்னு ஒண்ணு இருக்கே" என்றார். அவள் திரும்பிப் போய்விட்டாள். வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அதன் பிறகு மாமி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அந்த விதி இப்போது அப்பாவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. கொரோனாவிலேயே அவர் நுரையீரலில் தழும்பு விழுந்திருந்தது. இந்த மழைக்காலத்தில் வந்த ஒரு ஜுரம் மிச்சத்தையும் கெடுத்துவிட்டது.

பகவதீஸ்வரன் மாமாதான் இப்போது செக்ரட்டரி. ஏ.ஜி. ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் மண்டபத்துச் சாவியைக் கேட்டுப் போனபோது ஊஞ்சலை நிறுத்தாமலே பேசினார்.

"ரூல் போட்டது யாரு? உங்கப்பா. நான் மீறினா நாளைக்கு அவரே கேப்பார், ஏன்யா மீறினேர்னு."

"அவர் கேக்கற நிலைமைல இல்லை மாமா. மூச்சு விடவே முடியலை."

"அதனாலதான் கமிட்டி கூட்டறேங்கறேன். நீ என்ன, பகல்ல சும்மாதானே இருக்கே? ரெண்டு நாள் பொறு."

நான் கழக்கூட்டம் பக்கம் ஒரு கால் சென்டர் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டேன். தெருவில் அதற்கு எல்லோரும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இல்லை. அது வேறு விஷயம்.

ரெண்டு நாள் என்பது ஒரு வாரம் ஆனது. அதுவரை அப்பா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்; முடிவான அன்றுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கமிட்டியில் ஒருவர் குருவாயூர் போயிருந்தார். இன்னொருவருக்குப் பேத்தி பிறந்த தீட்டு. கடைசியில், மிஷினை வாங்கியவரே அப்பாதான் என்பதால் அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று முடிவானது. மிஷின் ஊர்வலம் மாதிரி வந்தது. முன்னால் பகவதீஸ்வரன் மாமா, பின்னால் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு சாய். அவன் தலைமுடி அதற்குள் பாதி கொட்டியிருந்தது. கூடத்தில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, பட்டு வேஷ்டியை எடுத்து, ஸ்விட்சைப் போட்டார்கள்.

ஓடியது. கும்மென்று சத்தம். அதன் தண்ணீர் பாட்டிலில் குமிழி பொங்கியது. யாரோ கை தட்டினார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குழாயை மூக்கில் வைத்து, "ஆஹா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அது என்ன மாமா?"

"ஓடறதுன்னு காட்டறது" என்றார் பகவதீஸ்வரன் மாமா.

"ஓடறதுக்குப் பச்சை இருக்கே."

"நாலு வருஷம் தூங்கிண்டிருந்தது, இப்பதானே எழுந்துண்டிருக்கு. சரியாயிடும்." எழுந்து போகும்போது அப்பாவின் மாத்திரைப் பெட்டியில் இருந்து ஒரு பிளாஸ்டரைக் கிழித்து, அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். அப்பாவின் கண்ணை உறுத்தக் கூடாதாம்.

அப்பாவின் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் மிஷின் வருவதற்கு முன் எண்பத்தைந்து காட்டியது. வந்த பிறகு எண்பத்துநான்கு.

"நன்னா இருக்குடா. குளுகுளுன்னு வரது."

"நம்பர் ஏறலையேப்பா."

"அது சீன மீட்டர்."

நான் என் விரலில் மாட்டிக் காட்டினேன். தொண்ணூற்றெட்டு.

"உன் விரல் சூடா இருக்கு. என் விரல் சில்லுன்னு இருக்கு. அதான்."

மத்தியானம் அவர் தூங்கியதும் மிஷினின் பின்பக்கத்தைக் கழற்றினேன். காற்று உள்ளே போகும் சல்லடையில் நான்கு வருஷத்துச் சந்தனம் காய்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம். வாகான இடமென்று அங்கேயே ஒவ்வொரு வருஷமும் வைத்திருக்கிறார்கள். ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். பிளாஸ்டரைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள்தான்.

மிஷினில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எதிரில் இருக்கும் திரையைப் பார்த்து வாசிக்கிறாள். ப்ளக்கைக் கழற்றி மாட்டினீர்களா, ஃபில்டரைக் கழுவினீர்களா என்று வரிசையாகப் போனாள். அந்த வேலையை நான் வருஷக்கணக்கில் செய்தவன். அமெரிக்காவில் யாருடைய பிரிண்டரோ ஓடாததற்கு இங்கே விடிய விடிய மன்னிப்புக் கேட்டவன். அதனால் குறுக்கே பேசாமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னேன்.

"எத்தனை நாளா யூஸ் பண்ணாம இருந்தது சார்?"

"நாலு வருஷம்."

அதற்கு அவள் திரையில் பதில் இல்லை போலிருக்கிறது. சொந்தக் குரலில் பேசினாள்.

"ஓட்டாம வெச்சா உள்ள ஆக்ஸிஜனைப் பிரிக்கற உருண்டையெல்லாம் ஈரம் குடிச்சிடும் சார். அப்புறம் பிரிக்காது. காத்தை இழுத்துக் காத்தையே விடும்."

"அப்ப இது இப்ப என்ன?"

"சார், நான் சொல்லக்கூடாது." தயங்கினாள். "ஒரு ஃபேன் மாதிரி."

ஆற்றங்கரை. பூட்டிய அறை. நான்கு வருஷத்து இடவப்பாதிப் பருவமழை. ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

பகவதீஸ்வரன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். வந்து பார்த்தார்.

"குமிழி வரதேடா."

"காத்துலயும் குமிழி வரும் மாமா. ஸ்ட்ரா போட்டு ஊதினாக்கூட வரும்."

"நீ ராத்திரி வேலையை விட்டதுலேர்ந்து உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான் தெரியறது. இந்த மிஷின்லதான் நான் பொழைச்சேன். தெரியுமோல்யோ?"

"அது அப்போ."

"மிஷினுக்கு அப்போ இப்போ உண்டா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "இது வேலை செய்யலைப்பா" என்றேன்.

"உனக்கு எது வேலை செஞ்சது?" என்றார்.

அன்று சாயங்காலம் எண்பத்திரண்டு. உதட்டில் நீலம் தெரிந்தது. வேறு மிஷின் கொண்டுவரலாம், கார்ப்பரேஷன் வார்டில் வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ்காரர்கள் இலவசமாகத் தருகிறார்கள் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையை வீசினார்.

"அது சாகப்போறவாளுக்கு."

"எல்லாருக்கும்தான் தரா."

"தெருவோட சொந்த மிஷின் இங்க இருக்கச்சே, நான் எதுக்குடா தர்மத்துக்கு மூக்கை நீட்டணும்? உங்கம்மாவுக்கு இது கிடைக்கலை. எனக்குக் கிடைச்சிருக்கு. இதுலயே இருக்கேன்."

அவர் மூச்சை வைத்துக்கொண்டு அவரோடு வாதாட முடியாது. ஒவ்வொரு வாதத்துக்கும் இரண்டு புள்ளி இறங்கியது.

மறுநாள் காலை பாலியேட்டிவ் நர்ஸ் பிஜியைக் கூப்பிட்டேன். எல்லையில் இருக்கும் பாறசாலைப் பக்கத்துக்காரி. அவள் பேசுவதில் தமிழ் எது மலையாளம் எது என்று அவளுக்கே தெரியாது. அப்பா குளித்துவிட்டு, பூஜை அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜபம் செய்யும் நேரமாகப் பார்த்துப் பின்வாசல் வழியாக வரச் சொன்னேன். ஜிபின் என்கிற ஆட்டோக்காரரும் அவளும் சேர்ந்து மிஷினைத் தூக்கி வந்தார்கள். நான் பார்த்ததிலேயே கேவலமான மிஷின். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கைப்பிடியில் கறுப்பு டேப். ஒரு சக்கரம் இல்லை. பைபிள் வசனம் ஒன்று, அதன் மேலேயே ஏதோ குழந்தை ஒட்டிய பூனைப் படம், அதற்கும் மேலே ஒரு கட்சிக் கொடி ஸ்டிக்கர்.

"ஓடுமா?" என்றேன்.

"இது நின்னாத்தானே ஓடுமான்னு கேக்கணும்? நேத்து உச்சநேரம் வரைக்கும் பூஜப்புரையில ஒரு சேச்சிக்கு ஓடிட்டிருந்தது."

"அவங்களுக்குச் சரியாயிடுச்சா?"

"ம்" என்றாள். எந்தப் பக்கம் சரியானது என்று சொல்லவில்லை.

கூடத்தை ஒட்டி, ஃபிரிட்ஜும் சாமான்களும் இருக்கும் காமிரா உள்ளில், அரிசி டிரம்முக்குப் பின்னால் அதை வைத்தோம். நீளமான குழாயைக் கதவுக்கு அடியில் விட்டு, கட்டில் கால் வழியாக ஏற்றி, அப்பாவின் தலையணைக்குக் கீழே கொண்டுவந்தேன். தெரு மிஷினின் குழாய் முனையை மடித்த பட்டு வேஷ்டிக்குள் சொருகினேன்.

"எண்டே வெங்கிடேஷே, இது என்ன நாடகம்?" என்றாள் பிஜி.

"அவருக்குத் தெரிஞ்சா கழட்டிப் போட்டுருவார்."

"கொள்ளாம், நல்லாருக்கு. பத்து பதினஞ்சு வருஷமா நர்ஸா இருக்கேன். மருந்தை வாழைப்பழத்துல ஒளிச்சுக் குடுத்திருக்கேன். காத்தை ஒளிச்சுக் குடுக்கிறது இப்பத்தான் பாக்கேன்."

அப்பா கட்டிலுக்கு வந்ததும் புதுக் குழாயை மூக்கில் வைத்தேன். எண்பத்துநான்கு. எண்பத்தெட்டு. தொண்ணூறு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொண்ணூற்றிரண்டில் நின்றது. அப்பா எழுந்து உட்கார்ந்து, மோர்க்குழம்பும் சேனை உப்பேரியும் கேட்டுச் சாப்பிட்டார்.

"இப்ப என்ன சொல்றே? ரெண்டு நாள் சூடாகணும், அவ்வளவுதான். மிஷினைக் குத்தம் சொல்ல வந்துட்டான்."

"சரிப்பா."

"ஏண்டா இந்த ஃபிரிட்ஜ் இப்படிக் கத்தறது?"

"கம்ப்ரஸர் போயிடுத்து."

"மாத்து."

"மாத்தறேன்."

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அப்பாவுக்கு மூச்சு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தெரு மிஷினின் மகிமையைச் சொன்னார். பகவதீஸ்வரன் மாமா அதன் மேல் கை வைத்தபடி படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவில், "நமது மிஷின் மீண்டும் ஓர் உயிரைக் காத்தது" என்று போட்டார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். துபாயிலிருந்தெல்லாம் கும்பிட்டார்கள்.

அடுத்த வாரம் வாலாம்பாள் மாமி அதே ஜுரத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். பாலியேட்டிவா, வாடகையா என்று தேடுவதற்குள், தெருவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். என் அப்பா கல்யாணராமனைத் தூக்கி நிறுத்திய மிஷின் இருக்கிறதே. அவர்தான் இப்போது தெளிந்துவிட்டாரே. இனி ஆளுக்குக் கொஞ்ச நாள்.

நான் பிஜிக்குப் போன் செய்தேன். கையில் இருப்பது எல்லாம் வீடுகளில் ஓடுகிறது, எதுவும் ஒழியவில்லை என்றாள்.

பிறகு மாமியின் மருமகள் ஜானவியைத் தெருக்கோடிப் பால் பூத்தில் பிடித்தேன். மறைக்காமல் சொன்னேன். அந்த மிஷின் செத்துவிட்டது, அதை நம்பி மாமியைப் போடாதே, வாடகைக்கு எடு, நான் கூட வருகிறேன் என்றேன்.

அவள் பால் பாக்கெட்டைப் பையில் போட்டபடி கேட்டுக்கொண்டாள்.

"வெங்கி அண்ணா, அன்னிக்கு எங்க மாமனாருக்குக் கேட்டப்பவும் உங்காத்துல ஒரு காரணம் சொன்னா. அது ரூல். இப்ப இது."

"இது நிஜம் ஜானவி."

"உங்கப்பாவுக்கு மட்டும் செத்த மிஷின்லேர்ந்து காத்து வரதோ?"

"அவருக்கு வேற மிஷின் உள்ள ஓடறது."

"அப்படியா? எங்க மாமியார்கிட்ட இதைச் சொல்லட்டுமா? ஆத்துல ரெண்டு மிஷின் வெச்சுண்டு ஒண்ணுகூடத் தரமாட்டேங்கறான்னு?"

அவள் போய்விட்டாள். நான் பால் வாங்க மறந்து திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். பகவதீஸ்வரன் மாமா, சாய், பின்னால் கதவு நிலையிலேயே நின்றுவிட்ட ஜானவி. அப்பா தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஓய் கல்யாணராமன், எப்படி இருக்கேர்?"

"ஜோரா இருக்கேன். எடுத்துண்டு போக வந்தேளா?"

நான் குறுக்கே போனேன். "மாமா, அதைத் தொடாதேங்கோ. அது வேலை செய்யலைன்னு உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன்."

"உங்கப்பா பேப்பர் படிக்கறார். வேலை செய்யலைங்கறான்!" பகவதீஸ்வரன் மாமா ஜானவியைப் பார்த்துக் கையை விரித்தார். "அப்பா மேல பாசம்னா சரி. ஆனா அடுத்த ஆத்து மனுஷிக்கும் மூச்சு இருக்கோல்யோ?"

"வெங்கிட்டு, நகரு" என்றார் அப்பா. பேப்பரை மடித்து வைத்தார். "வாலாம்பாளுக்கு நான் ஒரு தடவை இல்லைன்னு சொல்லியாச்சு. இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். எடு சாய்."

"அப்பா, கொஞ்சம் கேளுங்கோ."

"எடுங்கறேன்."

சாய் ப்ளக்கைப் பிடுங்கினான். மிஷின் ஒரு தடவை நீளமாகக் கத்திவிட்டு அடங்கியது. பாட்டிலில் குமிழி நின்றது.

அப்பா இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீருக்குள் மூழ்கப் போகிறவர் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டார். மூச்சு முட்டப் போகிறது என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டவில்லை.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். விரலில் இருந்த மீட்டரைப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. மூக்கில் இருந்த குழாயை விரலால் தொட்டு, அதன் முன் உள்ளங்கையைக் காட்டினார். காற்று வந்துகொண்டிருந்தது. காமிரா உள்ளிலிருந்து அந்தச் சத்தமும் வந்துகொண்டிருந்தது.

"வெங்கிட்டு" என்றார். "அந்த ஃபிரிட்ஜை நிறுத்து, பாப்போம்."

நான் அசையவில்லை.

"நிறுத்த மாட்டே. இல்லையா?"

நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் அந்த நசுங்கிய மிஷின், பூனைப் படத்தோடு, குலுங்கிக்கொண்டிருந்தது. சாய் எட்டிப் பார்த்தான். ஜானவியும் உள்ளே வந்து பார்த்தாள். பகவதீஸ்வரன் மாமா மட்டும் பார்க்கவில்லை. தெரு மிஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம், உருண்டை, சந்தனம், காற்றை இழுத்துக் காற்றையே விடுவது. நான் முடித்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாலாம்பாள் ஆத்துக்காரருக்குக் கேட்டப்போ அது உயிரோட இருந்திருக்குமோ?"

"தெரியாதுப்பா."

"இருந்திருக்கும்" என்றாள் ஜானவி. அவளுக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னாள். அப்பா தலையசைத்தார்.

பிறகு மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இதை எடுத்துண்டு போ. பாதி நாள் அவளுக்கு, பாதி நாள் எனக்கு."

நான் பிஜிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் கத்தினாள்.

"சாமி, அது பாயசம் ஒண்ணும் இல்ல பங்கு வைக்க. மரியாதையா மூக்குல வெய்யி. அந்த அம்மாவுக்கு இப்ப எத்தனை காட்டுது?"

"எண்பத்தாறு" என்றாள் ஜானவி.

"சிலிண்டர் ஒண்ணு ஜிபின் கைல குடுத்து விடறேன். ரெண்டு நாள் ஒப்பேத்தலாம். அதுக்குள்ள ஒரு மிஷின் ஒழியும்."

"எப்படி ஒழியும்?"

"யாராவது எழும்பணும். இல்லன்னா போகணும். வேற எப்படி?" அவள் மூச்சு விட்டாள். "அந்தச் செத்துப்போன மிஷினையும் ஏத்தி விடு. எங்க ஆளு உருண்டையை மாத்தி ஓட்டிடுவாரு. ஆனா சொல்லிட்டேன், அது பின்ன அந்தத் தெருவுக்குன்னு திரும்பி வராது. சுத்திக்கிட்டே இருக்கும்."

அப்பா, "எடுத்துண்டு போகட்டும்" என்றார்.

இப்போதுதான் பகவதீஸ்வரன் மாமாவுக்குப் பேச்சு வந்தது. "அதெப்படி ஓய்? அது தெருச் சொத்து. ஜெனரல் பாடி கூடாம வெளில போகக்கூடாது."

"ரூல் போட்டவன் நான். நானே எடுத்துட்டேன்."

"நீர் இப்ப செக்ரட்டரி இல்லை."

"அப்ப ஒண்ணு பண்ணும். அதுல ஒரு மணி நேரம் நீர் மூக்கை வெச்சுண்டு உக்காரும். உமக்கு மீட்டர்ல ஏதாவது ஏறினா, மிஷினை வெச்சுக்கும்."

சாய் சிரித்துவிட்டான். பகவதீஸ்வரன் மாமா அவனை முறைத்தார். பிறகு பட்டு வேஷ்டியை மட்டும் எடுத்து நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மத்தியானம் ஜிபினின் ஆட்டோ வந்தது. சிலிண்டர் நான்கு வீடு தள்ளி இறங்கியது. பிறகு ஆட்டோ எங்கள் வாசலுக்கு வந்தது. தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வாசலில்தான் இருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் தூக்கவும் வரவில்லை. நானும் ஜானவியும்தான் பிடித்து ஏற்றினோம். சாய் ஸ்கூட்டரைத் துடைக்கிற பாவனையில் நின்றான். கடைசி நேரத்தில் வந்து ஒரு கை கொடுத்தான்.

"வாலாம்பாள் மாமி ஏதாவது சொன்னாளா?" என்று ஜானவியிடம் கேட்டேன்.

"சொன்னா. உங்காத்துக் குழாயை வாங்காம வந்தியே, அதுவரைக்கும் நல்லதுன்னா."

புதன்கிழமை மாமிக்கு ஒரு மிஷின் வந்தது. நேமத்தில் ஒருவர் போய்விட்டார்.

அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் பகவதீஸ்வரன் மாமா நீளமாக ஒன்று எழுதியிருந்தார். தெருவின் மிஷின் உழைத்து ஓய்ந்துவிட்டதாம். எதிர்காலத்தில் எப்படிப்பட்ட கொள்ளைநோய் வந்தாலும் எதிர்கொள்ள, இதைவிடப் பெரிய புது மிஷின் வாங்கத் தெரு முடிவு செய்திருக்கிறதாம். தூசி படாமல் இருக்கக் கண்ணாடி அலமாரி செய்யப்படுமாம். இந்த முறை இரட்டைப் பூட்டு. ஒரு சாவி செக்ரட்டரியிடம், ஒன்று பொருளாளரிடம். கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. துபாய் முதலில் வந்தது.

"ஏதோ நீளமா போட்டிருக்காரே, என்ன எழுதியிருக்கார்? படி" என்றார் அப்பா.

நான் முழுவதையும் படித்தேன். இரட்டைப் பூட்டு வந்த இடத்தில் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் திரும்பச் சிரிப்பானது. மீட்டரில் தொண்ணூறு. எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.

"சிரிக்காதேங்கோப்பா" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. நான் காமிரா உள்ளுக்குப் போய் மிஷினில் ஆக்ஸிஜன் அளவைக் கூட்டும் திருகை ஒரு புள்ளி ஏற்றி வைத்தேன்.